வருவார் என்று நம்பிக் காணி வாங்கியவர்

1998 டிசெம்பரில் நடந்த சாதாரண தரப் பரீட்சைக்கு நான் படிக்கவில்லை. 2000ஆம் ஆண்டு பிறப்பதற்குள் ஆண்டவர் வந்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். பதினாறு வயது எனக்கு. வரப்போகிறவரின் முன்னால் பரீட்சைப் பெறுபேறு எதற்கு என்பதற்கு ஒருவரும் எனக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை.

அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில், உடுவிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சொந்த வளவு தெல்லிப்பழைக்கு வடக்கே. 1990 ஜூனில் போரால் அங்கிருந்து எழும்பினோம். வாடகை வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, கிடுகால் வேய்ந்த கொட்டகையில் ஜெபக்கூட்டம் நடக்கும். வியாழனும் சனியும் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஊரடங்குக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். முன்னால் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். அதில் ஆதாம் முதல் நம் நாள்வரை ஒரு கோடு, கோட்டின் முடிவில் ஏழு தலையுள்ள மிருகம். ஆறாயிரம் ஆண்டு முடிகிறது, ஏழாவது ஆயிரம் ஓய்வு என்று கூட்டத்தை நடத்திய ஊழியர் கம்பால் தொட்டுக் காட்டுவார். அவர் பெயரும் கூட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அந்தக் கொட்டகை இப்போது இல்லை.

அதை நம்பியவர்கள் அறிவில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மத்தேயு இருபத்துநான்காம் அதிகாரத்தை அமைதியான ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு அது தூரத்துக் காட்சி. எங்களுக்கு அது போன கிழமை நடந்த காரியம். யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள் என்று அதில் இருக்கிறது. கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ என்று இருக்கிறது. எல்லாவற்றையும்விட ஒரு வசனம் இருக்கிறது: 'நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலாவது, ஓய்வுநாளிலாவது, சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள்.' நாங்கள் ஓடியது மாரிகாலத்தில்தான்.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில் புனித பேதுரு பாவுலு ஆலயத்தின்மேல் விமானம் குண்டு போட்டது. இடம்பெயர்ந்து வந்து ஆலயத்திலும் வளவிலும் ஒதுங்கியிருந்த சனங்கள் நூறுக்கும் மேல் செத்தார்கள். கோயிலுக்குள் போனால் தப்பலாம் என்ற நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. அந்த ஆண்டே ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தில் இருந்த இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. ஒரு அடி வைக்கக் கால் மணி நேரம் ஆகும். அப்பா சைக்கிளை உருட்டினார். கரியரில் அம்மம்மா, அவர் மடியில் ஒரு பிஸ்கட் தகரம். உடுப்புப் பையைக்கூட என் தோளில் போட்டுவிட்டு அந்தத் தகரத்தை மட்டும் தன் சேலைத் தலைப்பால் போர்த்தி வைத்திருந்தார்.

எங்களுக்கு முன்னால் போன ஒரு கிழவர் 'ஆண்டவரே வாரும், ஆண்டவரே வாரும்' என்று அழுதுகொண்டே போனார். எனக்குப் பதின்மூன்று வயது. மேகம் பிளக்கப்போகிறது, எக்காளம் கேட்கப்போகிறது என்று நினைத்து முகத்தில் மழை விழ அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். அம்மம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"கீழே பார்த்து நட மோனை. பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள், மிதித்துவிடாதே."

பார்த்தேன். வீதியோரச் சேற்றில் ஒரு பொலித்தீன் விரிப்பில் மூன்று குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தார்கள். என் கால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அப்படியான ஒரு பையன் மூன்று ஆண்டு கழித்து அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து துணியில் இருந்த கோட்டைப் பார்த்தபோது, அது ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இவ்வளவுக்கும் ஒரு திகதி உண்டு என்றால், இவ்வளவையும் தாங்கலாம் அல்லவா?

நான் படிப்பதை நிறுத்திவிட்டதை அம்மம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். எண்ணெய் குறையாததை வைத்துக் கண்டுபிடித்தார்.

எங்கள் ஒழுங்கைக்கு அப்போது மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் பழகிய ஜாம் போத்தல் விளக்குத்தான் இன்னும் எரிந்தது. அந்த விளக்கைத் தெரியாதவர்களுக்காக: ஒரு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவார்கள். கம்பியால் தாங்கிய மெல்லிய நூல்திரி ஒன்று பஞ்சிலிருந்து மேலே வரும். சுடர் பாக்கு அளவுகூட இருக்காது. போத்தலின் கண்ணாடி காற்றையும் தடுக்கும், வெளிச்சத்தையும் கொஞ்சம் பரப்பும். புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடித்தால் ஒரு பக்கத்தில் பாதி தெரியும். குடாநாட்டில் ஒரு தலைமுறையே இந்தச் சுடரில்தான் படித்தது. மண்ணெண்ணெய் பொன்விலை விற்ற நாட்களில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை நாள் எண்ணெய் என்று தாய்மார் அளந்து ஊற்றினார்கள். என் போத்தலில் எண்ணெய் மூன்று நாளாகக் குறையவில்லை.

அவர் ஏசவில்லை. விளக்கைக் கொளுத்தி மேசையில் வைத்துவிட்டு, தன் வேதாகமத்தை எடுத்து மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தை என்னை வாசிக்கச் சொன்னார். பத்துக் கன்னிகைகளின் உவமை. கூட்டத்தில் பலமுறை கேட்டதுதான். விழித்திருந்தவர்கள் உள்ளே போனார்கள், தூங்கியவர்கள் வெளியே நின்றார்கள் என்று ஊழியர் சொல்லுவார். ஐந்தாம் வசனத்தில் அம்மம்மா என்னை நிறுத்தினார். 'மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்.'

"எத்தனை பேர் தூங்கினார்கள்?"

"எல்லாரும்."

"புத்தியுள்ளவர்களும்?"

"ஓம்."

"அப்படியென்றால் வித்தியாசம் எதில்?"

நான் வசனத்தைத் திரும்பப் பார்த்தேன். எண்ணெயில். மணவாளன் உடனே வந்துவிடுவான் என்று நினைத்தவர்கள் கூடுதல் எண்ணெய் எடுத்து வரவில்லை. பிந்தினாலும் பிந்துவான் என்று நினைத்தவர்கள் பாத்திரத்தில் எடுத்து வந்தார்கள். இன்றைக்கே வருவார் என்று நிச்சயமாக இருந்தவர்கள்தான் அந்தக் கதையில் வெளியே நின்றவர்கள். இத்தனை கூட்டத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் வாசித்திருக்கவில்லை.

அன்றிரவு படித்தேன். ஆனால் நாள் போதவில்லை. கணிதத்தில் சித்தியடையவில்லை. அடுத்த ஆண்டு திரும்ப எழுதினேன். என் இழப்பு அவ்வளவுதான். அந்தக் கொட்டகைக்கு வந்த ஒரு மேசன் தன் மூத்த மகளைப் பத்தாம் வகுப்போடு மறித்துவிட்டார். கடைசிக் காலத்தில் பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டார். 2000 பிறந்தது. கொட்டகை கலைந்தது. ஊழியர் வேறு ஊருக்குப் போனார். அந்தப் பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. திகதி சொல்லுவது ஏதோ சின்னத் தவறு, ஆர்வக்கோளாறு என்று சிலர் சமாதானம் சொல்லும்போது எனக்கு அவள் முகம்தான் வருகிறது. 'அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்' என்று ஆண்டவர் இவ்வளவு பச்சையாகச் சொன்ன பிறகும் ஒருவன் நாள் குறித்தால், அவன் பிதாவின் இடத்தில் ஏறி உட்காருகிறான். அதன் விலையை அவன் கொடுப்பதில்லை. கேட்டவர்களின் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

இது புதிய நோயும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற கமக்காரர் தானியேலின் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணி, ஆண்டவரின் வருகை மிக அருகில் என்று பிரசங்கித்தார். அவரைச் சுற்றி எழும்பிய இயக்கம் கடைசியில் 1844 ஒக்டோபர் 22 என்று நாளையே குறித்தது. பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். வயலில் விளைச்சலை எடுக்காமல் விட்டவர்களும் இருந்தார்கள். மறுநாள் சூரியன் வழக்கம்போல் உதித்தது. 'பெரும் ஏமாற்றம்' என்று சரித்திரம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

அந்த இயக்கம் பரவியிருந்த அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் என்ற ஊரில் 1822இல் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். பெரும் ஏமாற்றம் நடந்து மூன்று ஆண்டில், 1847இல், அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் குடியேறினார். அவரும் ஆண்டவர் வருவார் என்று நம்பியவர்தான். 1816இல் தெல்லிப்பழையில் காலூன்றிய அந்த மிஷனில், வருகையை நம்பாமல் கப்பலேறியவர் ஒருவரும் இல்லை. கிறீன் என்ன செய்தார்? தமிழ் படித்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். உடற்கூற்றுப் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கி 1852இல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று வெளியிட்டார். பிறகு பிரசவ வைத்தியம், இரணவைத்தியம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தமிழில் இல்லாத சொற்களுக்குச் சொல் தேடினார். 60க்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாக ஆக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார். அவருக்குப் பிறகு நூறு வருடம் நிற்கக்கூடிய வேலையைத்தான் செய்தார். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மில்லரின் திகதி ஞாபகம் வரும். ஒரே வேதாகமத்தை வாசித்துக்கொண்டு ஒருவர் அறுவடையை வயலில் விடுகிறார், இன்னொருவர் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

பவுலுக்கும் இதே சிக்கல் இருந்தது. தெசலோனிக்கேயில் சிலர் கர்த்தரின் நாள் வந்தேவிட்டது என்று வேலையை விட்டுவிட்டார்கள். 'ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால், அவன் சாப்பிடவுங்கூடாது' என்ற வசனத்தை ஏழைகளை ஏசுவதற்குப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது வேலை கிடைக்காதவனுக்குச் சொன்னது அல்ல. முடிவு வருகிறது என்று கையைக் கட்டி உட்கார்ந்து, மற்றவர் சோற்றைத் தின்று, ஊர்க்கதை பேசித் திரிந்தவனுக்குச் சொன்னது. சொன்ன பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர்.

அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில்தான், ஆண்டவர் வரும்போது அவருக்கு எதிர்கொண்டு போவோம் என்ற வசனமும் இருக்கிறது. அதை வைத்து எத்தனை பயமுறுத்தல்கள்! ஓடுகிற பஸ்ஸில் சாரதி மறைந்துபோவான், அடுப்பில் கறியை விட்டுவிட்டுத் தாய் மறைந்துபோவாள் என்றெல்லாம் படம் காட்டினார்கள். ஆனால் எதிர்கொண்டு போதல் என்று பவுல் எழுதிய கிரேக்கச் சொல், அரசனோ பெரியவரோ ஊருக்கு வரும்போது ஊரார் வெளியே போய் வரவேற்று உள்ளே கூட்டிவருவதற்கு வழங்கிய சொல் என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். எங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பேராயர் வருகிறார் என்றால் சந்திவரைக்கும் போகிறோம். மேளம் போகும், பிள்ளைகள் போவார்கள். சந்தியில் அவரைக் கண்டதும் அவரோடு சேர்ந்து எங்கேயோ போய்விடுவதில்லை. ஆலயத்துக்குக் கூட்டி வருகிறோம். முதல்நாளே முற்றம் கூட்டி, வேலி கட்டி, வாசலில் நிறைகுடம் வைத்தாயிற்று. வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரங்களிலும் இதுதான் நடக்கிறது. நகரம் மேலிருந்து இறங்கி வருகிறது. தேவன் மனுஷரிடத்தில் வாசமாயிருக்க வருகிறார். எரிந்துபோகிற பூமிக்கு எதற்குப் பாடுபடவேண்டும் என்று கேட்கிறவர்கள் அங்கே சொல்லப்பட்டதைக் கவனிக்க வேண்டும்: 'இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்.' ஆற்றுநீர் இல்லாமல், மாரி மழை சுண்ணாம்புக்கல்லில் ஊறித் தருகிற கிணற்றையே நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு, வரப்போகிறவருக்காக முற்றம் கூட்டுவதில் கிணற்றை நஞ்சாக்காமல் வைத்திருப்பதும் சேரும் என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்தப் பிஸ்கட் தகரம்.

அதற்குள் இருந்தவை காணிப் பத்திரங்களான உறுதிகள். பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ரப்பர் வளையம். அம்மம்மாவின் சீதன உறுதி, தாத்தா தேடிய காணி உறுதி, கடைசியாக 1993இல் எழுதிய ஒன்று. இந்தக் கடைசி உறுதிதான் எங்கள் வீட்டில் பல நாள் சண்டைக்குக் காரணம்.

அம்மம்மாவின் சித்தப்பா மகனுக்குத் தெல்லிப்பழைக் காணியில் எங்கள் வளவை ஒட்டி இரண்டு பரப்பு இருந்தது. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஆக, அது பெரிய சொத்தும் இல்லை. கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போக அவருக்குக் காசு தேவைப்பட்டது. ஒருநாள் மத்தியானம் வந்து விறாந்தையில் இருந்து, "அக்கா, நீ எடுக்கிறாயா? உனக்குத்தான் முதல் உரிமை" என்று கேட்டார். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் பதிந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே இந்த முறை இருக்கிறது. காணியை விற்பவர் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் கேட்க வேண்டும்.

அந்தக் காணிக்குள் அப்போது யாரும் போக முடியாது. இராணுவம் இருந்தது. வீடு இருக்கிறதா, பனை நிற்கிறதா என்றுகூடத் தெரியாது. வடக்கே இரவில் வெளிச்சக்குண்டு எழும்பும்போது, அது எங்கள் வளவுக்கு மேலே என்று அம்மா கைகாட்டுவார். அந்தக் காணிக்கு அம்மம்மா தன் இரண்டு காப்பையும் கழற்றினார். நகைக்கடைக்கு என்னைத்தான் கூட்டிப்போனார். சின்னத் தராசு ஒன்றில் காப்பை வைத்தார்கள். ஒரு தட்டு இறங்கி நின்றது. கையில் காப்பு இருந்த இடம் வெளிறிப் போயிருந்தது. அதை மற்றக் கையால் தடவிக்கொண்டே காசை எண்ணினார். பிறகு நொத்தாரிசு வீட்டில் கையெழுத்து, சாட்சி இரண்டு பேர்.

"கண்ணால் பார்க்க முடியாத காணிக்கு எதற்கு அம்மா?" என்று அம்மா அழுதார். "அவனுக்குப் போக வேண்டும், எனக்குத் திரும்ப வேண்டும்" என்றார் அம்மம்மா.

அப்போது எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது. பதினாறு ஆண்டு கழித்து, 2009 நொவெம்பரில், வன்னியில் போர் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்த ஒரு ஞாயிறு, ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. எரேமியா முப்பத்திரண்டு. கி.மு. 587 வாக்கில் பாபிலோன் சேனை எருசலேமை வளைத்திருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக எரேமியா காவலில் இருக்கிறார். அவருடைய பெரிய தகப்பன் சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்கே என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு மிக அருகிலுள்ள சிற்றூர். அங்கே எதிரிப் படை நிற்கிறது. எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுக்கிறார். உறுதி எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, அநேகநாள் இருக்கும்படி அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார்.

தராசு என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. மூப்பர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அம்மம்மா போய் அப்போது ஆறு ஆண்டு. அந்த அதிகாரத்தை அவர் நினைத்துத்தான் செய்தாரா என்று கேட்க ஆள் இல்லை. அவருடைய வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் கோடு எதுவும் இல்லை. குறிப்பு எதுவும் இல்லை. ஓரம் மட்டும் மற்றப் பக்கங்களைவிடக் கொஞ்சம் அழுக்காக இருந்தது.

எரேமியா முடிவை மறுத்தவர் இல்லை. அழிவு வரும் என்று நாற்பது ஆண்டு கத்தியவர். வராது, சமாதானம் என்று சொன்னவர்கள் அரசனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முடிவை எல்லாரையும்விடத் தெளிவாகக் கண்ட மனிதர்தான் காணி வாங்கினார். 'இன்னும் இந்த தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கொள்ளப்படும்' என்று தேவன் சொன்னதை நம்பினார். நான் படிப்பை நிறுத்தியதும் முடிவை நம்பித்தான். அம்மம்மா காப்பைக் கழற்றியதும் அதை நம்பித்தான். முடிவில் நிற்கிறவர் யார் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் வேறுபாடு இருந்தது. எனக்கு அங்கே எல்லாவற்றையும் மூடிவிடுகிற ஒரு திகதி நின்றது. அவருக்கு வீட்டுக்கு வருகிற ஒருவர் நின்றார்.

கொட்டகைக்காரரைக் குறை சொல்லிவிட்டு என் சபையைச் சும்மா விட்டால் அது நேர்மை இல்லை. நாங்கள் எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டோம். திருவருகைக்காலம் என்று நான்கு ஞாயிறு வைத்திருக்கிறோம். மெழுகுவர்த்தி ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறோம். அதற்குள் கரோல் ஒத்திகையும் கேக் பேச்சும் வந்துவிடுகின்றன. மறுபடியும் வருவார் என்ற விசுவாசப்பிரமாண வரியை வாய் சொல்லும், மனம் அதில் நிற்பதில்லை. படித்தவர்கள் பேசத் தகாத விடயம் என்பதுபோல் பிரசங்கிகள் அதைக் கடந்துபோகிறார்கள். பசித்தவர்கள் கொட்டகைக்குப் போனதில் ஆச்சரியம் என்ன? எங்கள் பீடத்தில் சோறு வைக்கவில்லை.

அந்த வரி இல்லாமல் இந்த மண்ணில் வாழ முடியுமா? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் குந்தினார்கள். கையில் பிள்ளைகளின் படம். ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். பதில் கிடைக்காமலே பலர் செத்துப்போனார்கள். வெளிப்படுத்தலின் ஆறாம் அதிகாரத்தில் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் 'எதுவரைக்கும்' என்று கேட்கின்றன. அவர்களுக்கு உடனே பதில் கிடைக்கவில்லை, ஒரு வெள்ளை அங்கி கிடைக்கிறது, இன்னும் கொஞ்சக்காலம் பொறுக்கச் சொல்லப்படுகிறது. கேள்வி தப்பு என்று யாரும் அவர்களை அடக்கவில்லை. நியாயத்தீர்ப்பு என்றால் நடுங்க வேண்டும் என்று சிறு வயதில் எங்களுக்குப் பழக்கினார்கள். அந்தத் தாய்மாருக்கு முன்னால் நின்று பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. எழுதப்படாத முறைப்பாடுகளை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த நாள் வர வேண்டும். நான் அதை விரும்புகிறேன். 'ஆமென், கர்த்தராகிய இயேசுவே, வாரும்' என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

காத்திருக்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேதுரு எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறார் பாருங்கள். 'எல்லாவற்றிற்கும் முடிவு சமீபமாயிற்று' என்று தொடங்குகிறார். அடுத்து மிருகமும் எக்காளமும் வரப்போகிறது என்று நினைப்போம். தெளிந்த புத்தியாய் இருங்கள், ஜெபம் பண்ணுங்கள், ஒருவரையொருவர் ஊக்கமாய் நேசியுங்கள், முறுமுறுக்காமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள் என்கிறார். முறுமுறுக்காமல்! 1995இல் பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு வீட்டுக்காரி தன் இரண்டு அறை வீட்டில் எங்களோடு சேர்த்து முப்பத்தொரு பேரை ஆறு மாதம் வைத்திருந்தார். அவர் சைவக்காரி, நெற்றி நிறையத் திருநீறு. பேதுருவின் அந்த வசனத்தை நான் கண்ணால் பார்த்தது அவருடைய அடுப்படியில்தான். ஒரு நேரம்கூட அவர் முகம் சுருங்கியதைக் காணவில்லை.

எங்கள் காணி 2016இல் விடுபட்டது. வீடு இல்லை. அத்திவாரம் இருந்தது, கிணறு இருந்தது, கிணற்றுக்குள் ஒரு பூவரசு வளர்ந்து நின்றது. எல்லைக் கல் ஒன்றும் இல்லை. நில அளவையாளர் வந்தபோது அம்மா பிஸ்கட் தகரத்தைத் திறந்து, பொலித்தீனை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். 1993ஆம் ஆண்டு உறுதியில் அம்மம்மாவின் கையெழுத்து, கூட்டெழுத்தில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதை வைத்துத்தான் வடக்கு எல்லை பிடித்தோம். அந்த இரண்டு பரப்பின் வடக்கு எல்லையில் முட்கம்பி. அதற்கு அப்பால் இன்னும் விடவில்லை.

போன புரட்டாதியில் பனம்பழம் விழுந்த நேரம், எல்லை நெடுகப் பனங்கொட்டை போட்டோம். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்லுவார்கள். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. குனிய முடியாது. நான் குழி கிண்ட, அவர் காலால் கொட்டையைத் தள்ளி மண் மூடினார். முதல் மழை இரண்டு நாள் முன்னால்தான் பெய்திருந்தது. செம்மண் வாசம்.

அப்போது கம்பிக்கு அப்பால் காணி உள்ள பெரியம்மா வந்தார். எங்களுக்கு உறவு இல்லை, ஊர்முறையில் பெரியம்மா. எண்பது கடந்தவர். மாதம் ஒருமுறை மருதனார்மடத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தன் வளவைப் பார்த்துவிட்டுப் போவார். அன்று ஒரு உரப்பையில் பனங்கொட்டை கொண்டுவந்திருந்தார். கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"தம்பி, எனக்குக் கை எழும்பாது. உள்ளே எறிந்துவிடுகிறாயா? மாரிதானே, தானாக வேர்விடும்."

கம்பிக்கு அந்தப் பக்கம் நாயுருவியும் பாற்றீனியமும் இடுப்பளவு நின்றன. தூரத்தில் காவலரண், அதில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. கிணறு எந்தப் பக்கம் இருந்தது, வீடு எந்தப் பக்கம் என்று பெரியம்மா விரலால் காட்டினார். கிணற்றடியை விட்டு மற்ற இடத்தில் எறியச் சொன்னார். கிணற்றுக்குள் பனை வேர் போகக்கூடாதாம்.

ஒவ்வொன்றாக எறிந்தேன். ஒன்று கம்பியில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. எடுத்து, துடைத்து, திரும்ப எறிந்தேன்.